பூச்சிக்குச் சட்டை

சொர்ணத்தாய்க்குக் கல்லூரியில் வேலை கிடைத்தது, கட்டி விழாமல் பசை காய்ச்சத் தெரிந்ததால். வேறு தகுதி எதுவும் அவளிடம் கேட்கப்படவில்லை. கேட்டிருந்தாலும் சொல்ல அவளிடம் எதுவும் இல்லை.

பதினோரு வயதில், ஐந்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிய கையோடு, பசுவந்தனையிலிருந்து வேனில் ஏறிக் கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீசுக்குப் போக ஆரம்பித்தவள். கட்டையில் தீக்குச்சி அடுக்கினாள், பெட்டி ஒட்டினாள், கடைசிப் பத்து வருஷம் பசை அடுப்புக்கே பொறுப்பாக இருந்தாள். முப்பத்தெட்டாவது வயதில் ஒரு திங்கட்கிழமை வேன் வரவில்லை. முதலாளி மிஷின் வாங்கிவிட்டார் என்ற செய்தி மட்டும் செவ்வாய்க்கிழமை வந்தது. அது 1998. வீட்டுக்காரர் செல்லத்துரைக்கு ரெண்டு ஏக்கர் கரிசல் உண்டு. மழை பெய்தால் உளுந்து, பெய்யாவிட்டால் கவலை என்று அதில் ரெண்டே மகசூல்தான்.

யாரோ சொல்லக் கேட்டு, ரயில்வே லைனுக்கு மேற்கே புதிதாக முளைத்திருந்த ஒரு தனியார் கல்லூரிக்குப் போனாள். நுண்ணுயிரியல் துறையில் கண்ணாடிச் சாமான் கழுவ ஆள் வேண்டுமாம். துறைத் தலைவர் வேணுகோபால் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

“என்னம்மா தெரியும் உனக்கு?”

“பசை காய்ச்சத் தெரியும் சார்.”

“கட்டி விழாம காய்ச்சுவியா?”

“கட்டி விழுந்தா கூலியில பிடிப்பாவளே சார்.”

பாக்டீரியா வளர்க்க உதவும் அகாரும் ஒருவகைப் பசைதான். முன்னால் இருந்த ஆள் காய்ச்சிய அகாரில் கட்டி விழுந்து விழுந்தே மூன்று மாணவர்களின் படிப்பு ஒரு வருஷம் இழுத்துவிட்டது. மறுநாளே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்.

முதல் மூன்று வருஷம் அவள் குழாய்களையும் தட்டுகளையும் கழுவினாள். ஆட்டோகிளேவ் என்பது விசில் அடிக்காத பெரிய குக்கர் என்று புரிந்துகொண்டாள். கண்ணுக்குத் தெரியாத ஜந்துக்களுக்கு இங்கே வேளா வேளைக்குச் சாப்பாடு, அதற்கேற்ற சூடு, இருட்டு, அமைதி எல்லாம் உண்டு என்பதைப் பார்த்து முதலில் கொஞ்சம் பொறாமைப்பட்டாள். அப்புறம் பழகிவிட்டது. பாக்டீரியா என்ற சொல் அவள் வாயில் நிற்கவில்லை. பூச்சி என்றே சொன்னாள். வேணுகோபால் ரெண்டு தடவை திருத்திப் பார்த்துவிட்டு, மூன்றாவது தடவை அவரே பூச்சி என்று சொல்லிவிட்டார்.

2001இல் அவருக்கு டெல்லியிலிருந்து ஆராய்ச்சிப் பணம் வந்தது. அது எதற்கு என்று துறையில் எல்லோரையும் கூட்டி விளக்கினார். எல்லோரும் என்றால், திருநெல்வேலியிலிருந்து புதிதாக வந்திருந்த ஆராய்ச்சி மாணவி உமாதேவி, சொர்ணத்தாய், அப்புறம் மின்விசிறி.

“தயிர்ல இருக்கிற மாதிரி நல்ல பூச்சிங்க இருக்கு. வயித்துக்குள்ள போனா பிள்ளைகளுக்கு வயித்தால போறது நிக்கும், செரிமானம் நல்லாருக்கும். ஆனா அதைக் காயவச்சுப் பொடியாக்கிப் பொட்டலம் போட்டா நம்ம ஊர் வெயில்ல செத்துப் போகும். தப்பிப் பிழைச்சது வயித்து அமிலத்துல செத்துப் போகும். அதனால ஒவ்வொண்ணுக்கும் மேல ஒரு பூச்சு கொடுக்கணும். அந்தப் பூச்சை உணவுக் கழிவுல இருந்து எடுக்கணும். அதுதான் புதுசு.”

“பூச்சிக்குச் சட்டை தைக்கணும்னு சொல்லுதீங்க.”

“அதேதான்.”

சொர்ணத்தாய்க்குச் சிரிப்பு வந்தது. தீப்பெட்டிப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள், பூச்சி புழு எதுவும் உயிரோடு அண்டக்கூடாது என்று. பத்து வருஷம் பூச்சியைக் கொல்லப் பசை காய்ச்சியவளுக்கு இனிமேல் பூச்சியை வாழவைக்கப் பசை காய்ச்சுகிற வேலை.

டெல்லிக்கு அனுப்பிய விண்ணப்பத்தில் கழிவு என்ற தலைப்புக்கு நேரே, ‘உள்ளூரில் ஏராளமாக, இலவசமாகக் கிடைக்கும்’ என்று வேணுகோபால் எழுதியிருந்தார். அந்த வரிதான் டெல்லிக்கு ரொம்பப் பிடித்ததாம். அந்த வரி ஒன்றுதான் பொய் என்பது, உமாதேவியும் சொர்ணத்தாயும் சாக்கோடு ஊருக்குள் இறங்கிய முதல் நாளே தெரிந்தது.

மெயின் ரோட்டு ஓட்டலில் வாழைக்காய்த் தோல் கேட்டார்கள். அதை ஒன்பது வருஷமாக ஒரு ஆட்டுக்காரர் எடுத்துப் போகிறார். அவரிடம் கேட்காமல் தர முடியாது என்றார்கள். ஹாஸ்டலில் வடிக்கிற கஞ்சி வாட்ச்மேனின் எருமைக்குப் போனது. ஜூஸ் கடைக்காரர் சாத்துக்குடித் தோலைத் தருவதாகச் சொல்லிவிட்டு, காலேஜுக்கு எதற்கு என்று விசாரித்தார். விவரம் தெரிந்ததும் மறுநாள் அதற்கு ஒரு விலை சொன்னார். டெல்லிக்காரர்களே தேடுகிற பொருளைத் தூர எறிந்துகொண்டிருந்தோமே என்று தன்னைத்தானே நொந்தும் கொண்டார்.

கடைசியில் கடலைமிட்டாய் போடும் ஹிதாயத்துல்லாவிடம் போனார்கள். அவர் பட்டறையில் வறுத்த கடலையைத் தேய்த்துப் புடைக்கையில் சிவப்புத் தொலி மலைபோலக் குவியும் என்று சொர்ணத்தாய்க்குத் தெரியும்.

“தொலியா? அதைக் கோழித்தீவனக்காரன் மூட்டை கட்டித் தூக்கிட்டுப் போயிருதானே யம்மா” என்றார் அவர்.

“உங்கள்ட்ட கழிவுன்னு என்னதான் இருக்கு பாய்?”

ஹிதாயத்துல்லா உண்மையாகவே யோசித்தார். பாகு காய்ச்சும் சட்டியைப் பார்த்தார், உடைத்த கடலையைப் பார்த்தார், மூலையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த தன் மச்சானையும் பார்த்தார்.

“அவனை வேணா கூட்டிட்டுப் போங்க” என்றார்.

ஆனாலும் மனசுக்காரர். ரெண்டு மூட்டைத் தொலியைச் சும்மாவே கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை: “பாக்டீரியாங்கிற பேச்சையும் என் மிட்டாயையும் ஒரே வாயில சொல்லிராதீங்க. நாளைக்கே ஊர்ல எவனும் வாங்க மாட்டான்.”

அந்தத் தொலியை வைத்து ஆறு மாதம் பாடுபட்டார்கள். ஊறவைத்து, சாறு இறக்கி, கடற்பாசியிலிருந்து எடுத்த வெள்ளைப் பொடியோடு கலந்து, பூச்சியை அதற்குள் விட்டு, சிரிஞ்சு வழியே சொட்டுச் சொட்டாகச் சுண்ணச்சத்துத் தண்ணீரில் விட வேண்டும். விழுந்த சொட்டு அப்படியே இறுகி ஜவ்வரிசி மாதிரி உருண்டு நிற்கும். ஒவ்வொரு உருண்டைக்குள்ளும் லட்சக்கணக்கான பூச்சி. உமாதேவி சொட்டினால் உருண்டை வால் முளைத்து மீன்குஞ்சு போல் வந்தது. சொர்ணத்தாய் சொட்டினால் கடுகு அளந்தாற்போல் ஒரே அளவில் வந்தது. ரெண்டு விரலால் ஒரு நிமிஷத்துக்கு இத்தனை தீக்குச்சி என்று அடுக்கிப் பழகிய கை அது. சொட்டுகிற வேலை அவளுக்கே வந்து சேர்ந்தது.

உருண்டை அழகாக இருந்தது. உள்ளே இருந்த பூச்சி மட்டும் செத்துக் கிடந்தது. ஒரு தடவை அல்ல, ஒவ்வொரு தடவையும். சட்டை போடாத பூச்சியாவது கொஞ்சம் பிழைத்தது. சட்டை போட்டது வெயிலுக்குப் போகுமுன்னே, ஆய்வுக்கூடத்துக் குளிரிலேயே பூண்டோடு செத்தது. வேணுகோபால் வெப்பநிலையைக் குறைத்தார், கூட்டினார், பொடியை மாற்றினார், உமாதேவியைக் கடிந்துகொண்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை சொர்ணத்தாய் ரெண்டு சின்ன டம்ளரை அவர் மேசையில் கொண்டுவந்து வைத்தாள். ஒன்றில் தயிர் கெட்டியாக உறைந்திருந்தது. மற்றதில் பால் இளஞ்சிவப்பாகத் தண்ணீராய்க் கிடந்தது.

“ஒரே பால், ஒரே உறைமோர் சார். இதுல மட்டும் தொலித் தண்ணி ஒரு கரண்டி விட்டேன். உறையவே இல்ல பாத்தீங்களா?”

“நீ எதுக்கு இதைச் செஞ்ச?”

“தொலியை வாயில போட்டுப் பாத்தேன். துவர்த்துது. துவர்ப்பு வயித்தக் கட்டும்பாவ. பூச்சியையும் கட்டிருக்குமோன்னு தோணுச்சு.”

வேணுகோபால் டம்ளர்களை உமாதேவி பக்கம் நகர்த்தினார். தயிர் டம்ளரைக் காட்டி டெல்லிக்கு அறிக்கை எழுத முடியாது அல்லவா? உமாதேவி அதையே தட்டில் வைத்து, அளந்து, எண்ணி, மூன்று வாரம் கழித்து அதே முடிவைச் சொன்னாள். கடலைத் தொலியின் துவர்ப்பில் பாக்டீரியாவைக் கொல்லும் சத்து இருக்கிறது என்று. அப்போது அவர் ஒத்துக்கொண்டார். பூச்சிக்குத் தைத்த சட்டையே விஷம் தோய்ந்த சட்டையாக இருந்திருக்கிறது. ஹிதாயத்துல்லாவின் மிட்டாயில் பூச்சி அண்டாததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம் என்று சொர்ணத்தாய் சொன்னாள். தொலியை நீக்கிவிட்டுத்தான் மிட்டாய் போடுகிறார்கள் என்று உமாதேவி நினைவுபடுத்தினாள். விஞ்ஞானத்தில் அவசரப்படக்கூடாது என்பதைச் சொர்ணத்தாய் அன்றைக்குக் கற்றுக்கொண்டாள்.

அடுத்து புளியமுத்து, அதாவது புளியங்கொட்டை. அவளே சொன்னதுதான் அதுவும். அரிசி புடைக்கிற பழைய சொளவில் ஓட்டை விழுந்தால் புளியமுத்தை வறுத்துத் தொலி நீக்கி, உள்ளே இருக்கும் வெள்ளைப் பருப்பை அரைத்துக் காய்ச்சி, காகிதத்தோடு சேர்த்து அப்புவார்கள். காய்ந்தால் கல். மேல்தொலி துவர்க்கும், அதை ஒட்டுக்கூட இல்லாமல் நீக்க வேண்டும் என்று இந்தத் தடவை முன்கூட்டியே வாயில் போட்டுப் பார்த்துச் சொன்னாள். சந்தையில் புளி வியாபாரியிடம் கெஞ்சி ஒரு மூட்டை வாங்கினார்கள். அவரும் சும்மா தரவில்லை. நூல் மில்லில் நூலுக்குக் கஞ்சி போட வாங்குவார்களாம்.

பசையை அவளே காய்ச்சினாள். கட்டி இல்லை. கடற்பாசிப் பொடியோடு கலந்து சொட்டினாள். நிழலில் காயவைத்தாள். பத்து நாள் கழித்து உமாதேவி தட்டைத் திறந்தபோது வெள்ளை வெள்ளையாகப் புள்ளி பூத்திருந்தது, அம்மைபோட்ட முகம் மாதிரி. ஒவ்வொரு புள்ளியும் ஒரு பூச்சி பிழைத்துப் பெருகிய இடம். வேணுகோபால் தன் சொந்தச் செலவில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

இனி வெயில் சோதனை. கிராமத்துப் பெட்டிக்கடையில் கிடந்தால் எத்தனை நாள் தாங்கும் என்று பார்க்க வேண்டும். பசுவந்தனையிலிருந்து தினமும் வந்து போகிறவள் இருக்கும்போது வேறு ஆள் எதற்கு? ரெண்டு எவர்சில்வர் சம்படம். சிவப்பு நூல் கட்டியதில் சட்டை போட்ட பூச்சி, வெள்ளை நூல் கட்டியதில் சட்டை இல்லாத பூச்சி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுபோய்த் திங்கட்கிழமை திரும்பக் கொண்டுவர வேண்டும். சித்திரை வைகாசியில் ஆறு வாரம்.

டவுன் பஸ்ஸில் மடியில் சம்படத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

“என்னக்கா, அல்வாவா?” என்பார் கண்டக்டர்.

“பூச்சி.”

“எத்தன?”

“பத்துக் கோடி இருக்கும்.”

“டிக்கெட் எடுக்காம விடுதேன், போங்க” என்பார் அவர்.

ஆறு வாரமும் திங்கட்கிழமை தட்டில் ஊற்றிப் பார்த்தால், சட்டை போட்டதும் பிழைத்திருந்தது, போடாததும் பிழைத்திருந்தது. ரெண்டும் ஒன்றுபோல. சட்டைக்கு வேலையே இல்லை. உமாதேவி எண்ணியதையே மூன்று தடவை எண்ணினாள். அழுதும் பார்த்தாள். வேணுகோபால் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். தார் ரோடு உருகிக்கொண்டிருந்தது. பகல் பன்னிரண்டு மணிக்கு நாய்கூட நடமாடவில்லை.

“இந்த ஊர் வெயில் போதலைன்னு நான் எந்த வாயால எழுதுறது?” என்றார். பிறகு ஏதோ தோன்றி, “சொர்ணம், வீட்ல அதை எங்க வைக்கிற?” என்று கேட்டார்.

“உள்ள தண்ணிப் பானைக்குக் கீழ மணல் கொட்டிருக்கும்லா சார், அதுல பொதச்சி வைப்பேன். மேல ஈரச்சாக்கு சுத்திருவேன். பஸ்ல வரும்போதும் ஈரத்துண்டு சுத்தித்தான் கொண்டாருவேன்.”

உமாதேவி எண்ணிக்கை நோட்டை மூடினாள்.

“ரெண்டையுமா?” என்றாள் உமாதேவி மெதுவாக.

“ரெண்டையுந்தான். ஒண்ணுக்குச் சுத்தி ஒண்ணை விட முடியுமா? உயிருள்ளதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க. நான் போற பஸ்ல எனக்கே மயக்கம் வருது. அதுங்க என்ன பாடுபடும்?”

வேணுகோபால் கத்தத் தொடங்கினார். மூன்று வருஷத் திட்டத்தில் ஆறு வாரமும் ஒரு கோடைகாலமும் போயிருந்தன. அவர் கத்தி முடித்த பிறகு சொர்ணத்தாய் ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள். அதைக் கேட்காமலே இருந்திருக்கலாம்.

“ஈரத்துணிலயே பிழைக்குதுன்னா, சட்டை எதுக்கு சார்?”

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். கடையில் பொட்டலத்துக்கு யார் ஈரச்சாக்குச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள் என்று பிற்பாடு உமாதேவிதான் விளக்கினாள். சொர்ணத்தாய்க்கு அது சரியாகப் பட்டது. ஆனாலும் முழுத் திருப்தி இல்லை.

மறுவருஷக் கோடையில் சோதனையை முதலிலிருந்து தொடங்கினார்கள். இந்தத் தடவை சம்படங்களைத் தகரக்கூரை மேல் வைக்கச் சொல்லி உத்தரவு. ஏணியில் ஏறி வைத்துவிட்டு வந்தாள். மத்தியானம் ரெண்டு மணிக்குக் கஞ்சி குடிக்கும்போது கூரையைப் பார்த்தாள். செல்லத்துரை கேட்டார்:

“என்னட்டி, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு வந்தவ மாதிரி இருக்க?”

“கொல்லச் சொல்லிச் சம்பளம் குடுக்காவ” என்றாள் அவள். கஞ்சியைப் பாதியில் வைத்துவிட்டாள்.

ஆறு வாரத்திலும் வெள்ளை நூல் சம்படத்துப் பூச்சிகள் ஒன்று விடாமல் செத்தன. தட்டு புதுக் கண்ணாடி மாதிரிச் சுத்தமாக இருந்தது. சிவப்பு நூலில் முக்கால்வாசிக்கு மேல் பிழைத்தன. வேணுகோபால் மறுபடியும் டீ வாங்கிக் கொடுத்தார். அவர் பார்த்ததெல்லாம் புள்ளி பூத்த தட்டை. சொர்ணத்தாய் வெறுந்தட்டைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைக் கழுவ வேண்டியவளும் அவள்தானே.

2004இல் டெல்லியிலிருந்து மூன்று பேர் கொண்ட குழு திட்டத்தைப் பார்வையிட வந்தது. வேணுகோபால் வரைபடங்கள் காட்டினார், உமாதேவி இங்கிலீஷில் விளக்கினாள், சொர்ணத்தாய் புதுச் சேலை கட்டிச் சொட்டிக் காட்டினாள். குழுவுக்குத் தலைமையாக வந்திருந்த பெரியவர் அவள் கையையே பார்த்துவிட்டு, “இந்த மிஷின் எங்கே வாங்கினீர்கள்?” என்று வேடிக்கையாகக் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தப் பெரியவருக்கே வயிற்றைக் கலக்கிவிட்டது. மூன்று தடவை போய் வந்தார். ஆடிப்போனார். வேணுகோபாலுக்கு உள்ளூரச் சந்தோஷம். இப்படி ஒரு சந்தர்ப்பம் எந்த விஞ்ஞானிக்கு வாய்க்கும்? ஒரு சிறிய டப்பாவில் உருண்டைகளைக் கொண்டுவந்து பணிவாக நீட்டினார். பெரியவர் வாங்கிக்கொண்டார். “எக்ஸலண்ட் ஒர்க்” என்றார். டப்பாவை மேசை மேல் வைத்தார். பிறகு சொர்ணத்தாயைக் கூப்பிட்டு, மெடிக்கல் ஷாப்பில் வயிற்றுப்போக்குக்கு நல்ல ஆன்டிபயாட்டிக் மாத்திரை வாங்கி வரச் சொன்னார்.

அவள் வெயிலில் நடந்து போய் வாங்கி வந்தாள். வழியெல்லாம் அவளுக்கு ஒரே யோசனை. அந்த மாத்திரை நல்ல பூச்சி, கெட்ட பூச்சி என்று பார்க்காமல் எல்லாவற்றையும் கொல்லும் என்று வேணுகோபால் வகுப்பில் சொல்வதைத் தட்டுக் கழுவியபடியே பலமுறை கேட்டிருக்கிறாள்.

திட்டம் வெற்றி என்று குழு எழுதியது. அடுத்த கட்டத்துக்குப் பணம் கேட்டதற்கு மட்டும் நாலு மாதம் கழித்து மறுப்பு வந்தது. புளியங்கொட்டை நூற்பாலைகள் விலை கொடுத்து வாங்கும் தொழில் மூலப்பொருள். உணவுக் கழிவு என்ற வரையறைக்குள் அது வராது. வேறு தகுந்த கழிவைக் கண்டறிந்து மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்று ஒரு வரி இருந்தது. வேணுகோபால் அதை வாய்விட்டுப் படித்தார். ஹிதாயத்துல்லாவின் மச்சான் சொர்ணத்தாயின் ஞாபகத்துக்கு வந்தார். நல்லவேளை, வாயைத் திறக்கவில்லை.

உமாதேவி டாக்டர் பட்டம் வாங்கி ஹைதராபாத்தில் ஒரு மருந்து கம்பெனிக்குப் போனாள். போகும்போது, “சொர்ணக்கா, பிரிட்ஜ்ல இருக்கிற குழாய்களை மாசம் ஒரு தடவை புது அகாருக்கு மாத்திருங்க. விட்டா பூச்சி செத்துரும்” என்று சொல்லிவிட்டுப் போனாள். வேறு யாருக்கும் அக்கறையில்லாத அந்த வேலையைச் சொர்ணத்தாய் விடாமல் செய்தாள். மாற்றும்போது மிஞ்சுவதை வீணாக்க மனசில்லை. பசை காய்ச்சி உருண்டை பிடித்து வைத்தாள்.

2005 தையில் பசுவந்தனையில் கோழிக்குஞ்சுகளுக்குக் கழிச்சல் வந்தது. வெள்ளையாகக் கழிந்து, இறக்கை தொங்கி, ரெண்டு நாளில் சுருண்டுவிடும். பக்கத்து வீட்டு வெயிலுகந்தம்மாள் ஓடிவந்தாள்.

“சொர்ணம், உங்க காலேஜ்ல வயித்துக்கு மருந்து கண்டுபிடிச்சிருக்காவளாமே, என் குஞ்சுகளுக்குக் கொஞ்சம் தா.”

“பொறு. முதல்ல என் குஞ்சுகளுக்குக் குடுத்துப் பாக்கேன்.”

அவளிடம் இருபது குஞ்சு இருந்தது. ரெண்டு கூடையாகப் பிரித்தாள். ஒரு கூடைக்குக் குருணையோடு உருண்டையைப் பொடித்துக் கலந்தாள். மற்றதற்கு வெறும் குருணை. வெயிலுகந்தம்மாள் வேலியோரம் நின்று பார்த்துவிட்டு வயிறெரிந்தாள்.

“ஏட்டி, மருந்தைக் கையில வச்சிக்கிட்டுப் பத்துக் குஞ்சைச் சாகவிடுதியே, உனக்கு நெஞ்சுல ஈரம் இருக்கா?”

நெஞ்சில் ஈரம் இருந்ததால் ஒரு கோடைகாலத்தையே பாழாக்கியவள் என்று அவளுக்குத் தெரியாது. சொர்ணத்தாய் கூடைகளை மூடினாள். இருபது நாள் கழித்து எண்ணினாள். வெறும் குருணைக் கூடையில் நாலு செத்திருந்தது. மருந்துக் கூடையில் மூன்று.

“அப்ப மருந்து கேக்குதா, கேக்கலையா?” என்றாள் வெயிலுகந்தம்மாள்.

“ஒரு குஞ்சு வித்தியாசத்தை வச்சி ஒண்ணும் சொல்ல முடியாதுக்கா.”

“அப்புறம் எதுக்கு இந்தப் பாடு?”

கல்லூரியில் பேச்சுவாக்கில் இதை வேணுகோபாலிடம் சொன்னாள். அவர் ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டார். ஏன் குறித்தார் என்பது அடுத்த வருஷம் அவருடைய ஓய்வு விழாவில் தெரிந்தது. அரங்கம் நிறைய ஆட்கள், மாலை, மைக். அவர் தன் ஆராய்ச்சி வாழ்க்கையைப் படம் போட்டுக் காட்டினார். கடைசிப் படத்தில் ஒரு கோழிக்குஞ்சு. “எங்கள் பூச்சு கிராமத்தில் குஞ்சுகளின் சாவை இருபத்தைந்து சதவீதம் குறைத்திருக்கிறது” என்றார். கைதட்டல் எழுந்தது.

சொர்ணத்தாய் பின்வரிசையில் டீ கொடுத்துக்கொண்டிருந்தாள். தட்டைக் கீழே வைத்தாள்.

“சார், அது ஒரு குஞ்சு சார்” என்றாள்.

கைதட்டல் பாதியில் நின்றது. யாரோ ‘உஷ்’ என்றார்கள்.

“நாலு செத்துச்சு, மூணு செத்துச்சு. அவ்வளவுதான். இருபத்தஞ்சு சதவீதம்னா கேக்குறவிய நூறு குஞ்சுன்னு நெனைச்சிருவாவ. கூடைக்கு நாப்பதாவது வேணும் சார்.”

முன்வரிசையிலிருந்த கல்லூரிச் செயலர் திரும்பி அவளைப் பார்த்த பார்வைக்கு அன்றே வேலை போயிருக்க வேண்டும். போகவில்லை, ஏனென்றால் வேணுகோபால் மைக்கிலேயே, “அவங்க சொல்றது சரி” என்றார். படம் மாறாமல், அந்த ஒற்றைக் குஞ்சு திரையில் நின்றுகொண்டே இருந்தது.

ஒரு மாதம் அவரைக் காணவில்லை. கோபம் என்று நினைத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பசுவந்தனை பஸ்ஸிலிருந்து வேட்டியோடு இறங்கினார். பின்னாலேயே நாலு அட்டைப்பெட்டிகள் இறங்கின. திறந்தால் கீச்சுக் கீச்சென்று எண்பது குஞ்சுகள்.

“நாப்பது, நாப்பது” என்றார்.

செல்லத்துரை கொல்லையில் கம்பிவலை அடித்து ரெண்டு கூண்டு கட்டினார். வேணுகோபால் வாரம் ரெண்டு தடவை வந்தார். பேண்ட் போட்ட காலத்தில் அவர் இத்தனை ஆர்வமாக எதையும் எண்ணி அவள் பார்த்ததில்லை. பதினெட்டாம் நாள் வெறும் குருணைக் கூண்டில் ஆறு செத்திருந்தது. மருந்துக் கூண்டில் ஒன்றே ஒன்று. அவர் முகத்தில் பத்து வயது குறைந்தது.

பத்தொன்பதாம் நாள் பகல் பதினோரு மணிக்கு, எல்லோரும் உளுந்துக் காட்டில் இருந்த நேரம் பார்த்து, ஒரு கீரி மண்ணைத் தோண்டி உள்ளே புகுந்தது. புகுந்தது மருந்துக் கூண்டில். பதினோரு குஞ்சை மென்னியைக் கடித்துப் போட்டுவிட்டு, ரெண்டைத் தூக்கிக்கொண்டு போனது.

வேணுகோபால் கூண்டுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். “கழிச்சல்ல செத்ததை மட்டும் எழுதுவோம். கீரி அடிச்சதைக் கணக்குல இருந்து நீக்கிடலாம்” என்றார்.

“நீக்கலாம் சார். ஆனா கீரி வந்துச்சுங்கதையும் எழுதணும்.”

“எழுதினா யாரு இதை அச்சுல போடுவா?”

“போடாட்டி போகட்டும்.”

அவர் எழுதினார். ‘பதின்மூன்று குஞ்சுகள், காரணம் கீரி’ என்று ஒரு வரி. சின்னப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினார்கள். அனுப்பியதோடு சரி. அங்கிருந்து வாழ்க என்றும் இல்லை, வீழ்க என்றும் இல்லை.

மீதிக் குஞ்சுகள் வளர்ந்து கோழியாயின. வைத்துத் தீவனம் போட முடியாது என்று சொர்ணத்தாய் விற்கத் தொடங்கினாள். வெயிலுகந்தம்மாள் முதல் ஆளாக வந்தாள். பழைய கோபமெல்லாம் மறந்துபோயிருந்தது. மருந்துக் கூண்டில் இருந்தவை நன்றாகத் தளதளவென்று இருந்தன. சொர்ணத்தாய் அவற்றில் ஒன்றைப் பிடித்து நீட்டினாள்.

“அது வேண்டாம். அந்தக் கூண்டுல ஒண்ணு பிடி” என்றாள் வெயிலுகந்தம்மாள்.

“ஏங்க்கா? இதுல்லா மருந்து தின்னது.”

“அதான் வேண்டாங்கேன். அங்கன இருக்கது மருந்து இல்லாமலே கழிச்சலுக்குத் தப்பிச்ச கோழி. அது குஞ்சு பொரிச்சா குஞ்சும் தப்பிக்கும். சட்டை போட்டு வளத்த கோழியை வச்சி நான் என்ன செய்ய?”

சொர்ணத்தாய் யோசித்துப் பார்த்தாள். அதில் குறை சொல்ல எதுவும் தோன்றவில்லை. கூண்டுக்குள் கையை விட்டு, கொத்த வந்த ஒரு பெட்டைக்கோழியைக் காலைப் பிடித்து எடுத்துக் கொடுத்தாள்.